எச்சம் பொறுக்குவதும் ஆய்வுதான்: காட்டுயிர் மரபியல் ஆய்வை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

காட்டுயிர் மரபியல் ஆய்வகங்களை நடத்துவோருக்கும், அந்த ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கும் குழுவினருக்கும்,

வணக்கம்.

விலங்குகளின் எச்சத்திலிருந்து, அதாவது சாணம், புழுக்கை போன்ற கழிவிலிருந்து, டிஎன்ஏ பிரித்தெடுப்பது என் அன்றாட வேலை. காட்டிலிருந்து வந்து சேரும் குப்பிகளைத் திறப்பவர்களில் நானும் ஒருத்தி. இந்த வேலையில் இருக்கும் பலரும் எங்களுக்குள் பேசிக்கொள்ளும் விஷயத்தை உங்களிடம் நேராகச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

எச்சம் சேகரிக்கும் வேலையை எடுபிடி வேலையாக நடத்தாதீர்கள். ஆய்வு சரியாக வருமா, கோணலாகப் போகுமா என்பது பெரும்பாலும் அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. அதற்குத் தனியாக நேரமும் பணமும் பயிற்சியும் ஒதுக்குங்கள். அதைச் செய்கிறவர்களை ஆய்வாளர்களாக நடத்துங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எச்சத்தின் அருமை உங்களுக்குத் தெரியாததல்ல. குடலின் உட்சுவரிலிருந்து உதிரும் செல்கள் எச்சத்தோடு வெளியே வருகின்றன; ஒவ்வொன்றிலும் அந்த விலங்கின் டிஎன்ஏ இருக்கிறது. இத்தாலியின் ஆல்ப்ஸ் பகுதியில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு மிஞ்சியிருந்த பழுப்புக் கரடிகளின் எச்சத்தை வைத்து, துளி டிஎன்ஏவையும் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் முறையில் அவற்றின் டிஎன்ஏவைப் படிக்கலாம் என்று 1992-இல் ஒரு குழு காட்டியது. பின்னாளில், 2022-இல், நோபல் பரிசு பெற்ற ஸ்வாந்தே பேபோவும் அந்தக் குழுவில் இருந்தார். அதுவரை ஒரு கரடியின் மரபணுவைப் படிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் அதைப் பிடிக்க வேண்டும், மயக்க வேண்டும், ரத்தமோ திசுவோ எடுக்க வேண்டும். மயக்க ஊசியில் சில விலங்குகள் செத்தும் போகின்றன. மிச்சமே சில உயிர்கள் என்றிருக்கும் இடத்தில் அந்த ஆபத்தை எதற்கு எடுக்க வேண்டும்? அந்தக் கரடிகளைத் தொடாமலே படிக்கலாம் என்று தெரிந்தது சின்ன விஷயமில்லை.

அப்புறம் நடந்தவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் வாஸர் குழுவினர் ஆப்பிரிக்கா முழுவதிலுமிருந்து யானைச் சாணத்தைத் திரட்டி, எந்தப் பகுதி யானைக்கு எப்படிப்பட்ட மரபணுக் கூறுகள் என்று ஒரு வரைபடமே உருவாக்கினார்கள். பிடிபட்ட தந்தத்தின் டிஎன்ஏவை அதோடு ஒப்பிட்டால் அந்த யானை எங்கே கொல்லப்பட்டது என்பதை நெருங்கிச் சொல்லிவிடலாம். 2015-இல் வெளியான அவர்களின் முடிவின்படி, பெரிய அளவில் பிடிபட்ட தந்தத்தில் பெரும்பகுதி இரண்டே பகுதிகளிலிருந்து வந்திருந்தது: தான்சானியாவின் தெற்கும் மொசாம்பிக்கின் வடக்கும் ஒன்று, காபோன், காங்கோ, கேமரூன் எல்லைகள் சந்திக்கும் காடுகள் இன்னொன்று. துறைமுகத்தில் சிக்கிய தந்தத்துக்கு ஊர் சொன்னது சாணம்தான். அதை இடம் இடமாகப் போய், நாள், இடம் குறித்து எடுத்துவைத்தவர்கள் இல்லாவிட்டால் அந்த வரைபடமே இல்லை.

இன்னொன்று உகாண்டாவின் பிவிண்டி காடு. மலைக் கொரில்லாக்கள் ஒவ்வொரு இரவும் புதிதாகக் கூடு கட்டிப் படுக்கும்; விடிந்ததும் கூட்டிலேயே எச்சம் இருக்கும். கூடுகளை எண்ணித்தான் வெகுகாலம் கொரில்லாக் கணக்கு எடுத்துவந்தார்கள். 2006-இல் கூடுகளை எண்ணியபோது 336 என்று வந்தது. கூட்டுக்குக் கூடு எடுத்த எச்சத்தின் டிஎன்ஏவைப் பார்த்தபோது 302 என்று வந்தது. சில கொரில்லாக்கள் ஒரே இரவில் ஒன்றுக்கு மேற்பட்ட கூடு கட்டியிருந்தன. இது ஆய்வகத்தின் சாமர்த்தியம் மட்டுமல்ல. எந்தக் குப்பி எந்தக் கூட்டிலிருந்து வந்தது என்று குழப்பமில்லாமல் குறித்துவைத்ததால்தான், ஒரே கொரில்லா இரண்டு கூட்டில் இருந்தது என்று சொல்ல முடிந்தது.

சரி, இப்போது மறுபக்கத்துக்கு வருகிறேன்.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓநாய்களின் எச்சத்தை வைத்து எண்ணிக்கை கணக்கிட்டுப் பார்த்த ஆய்வு 2003-இல் வந்தது. அங்கே ஓநாய்களின் உண்மையான எண்ணிக்கை வேறு வழியில் நன்றாகத் தெரிந்திருந்தது. எச்ச டிஎன்ஏவின் பிழைகள் சேர்ந்துகொண்டதில், கணக்கு உண்மையைவிட 5.5 மடங்கு வரை கூடிப்போனது. ஒரு காட்டில் இருப்பதைவிட ஐந்து மடங்கு விலங்கு இருப்பதாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. காவலைக் குறைப்பார்கள், வேலியைத் தள்ளிப்போடுவார்கள், சுரங்கத்துக்கு அனுமதி தருவார்கள்.

இந்தப் பிழை எப்படி வருகிறது? ஒவ்வொரு மரபணு இடத்திலும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு வடிவங்கள் இருக்கும். டிஎன்ஏ போதுமான அளவு இருந்தால் பிசிஆரில் இரண்டுமே பெருகும். துளி அளவே இருந்தால், அதுவும் துண்டு துண்டாக உடைந்திருந்தால், சில சமயம் ஒன்று மட்டுமே பெருகும். இருவர் சேர்ந்து பாடும்போது ஒருவர் குரல் மட்டும் நம் காதில் விழுந்தால் தனிப்பாட்டு என்றுதானே நினைப்போம், அதுபோலத்தான். முந்தைய எச்சத்தில் இரண்டு வடிவமும் காட்டிய அதே ஓநாய் இப்போது ஒற்றை வடிவத்தோடு நிற்கும். கணினி அதைப் புது ஓநாய் என்று எழுதிக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு இடங்களைப் பார்க்கும் ஆய்வில், ஏதோ ஒரு இடத்தில் ஒருமுறை இப்படி வழுக்கினாலே போதும்.

இதற்கு மருந்தும் பழையதுதான். 1996-இல் பிரான்ஸின் பியேர் தாபர்லே குழுவினர், ஒரே மாதிரியைப் பல குழாய்களில் திரும்பத் திரும்ப பிசிஆர் செய்து, ஒத்துப்போகும் முடிவை மட்டுமே ஏற்கச் சொன்னார்கள். இன்றைக்கும் நாங்கள் அதைத்தான் செய்கிறோம். ஆனால் ஒவ்வொரு முறை திரும்பச் செய்வதற்கும் வேதிப்பொருளும் நேரமும் செலவாகிறது. எச்சத்திலிருந்து கிடைக்கும் டிஎன்ஏவின் அளவும் எல்லையற்றதல்ல. கெட்டுப்போன மாதிரியில் நாலாவது முறைக்கே பிரித்தெடுத்த டிஎன்ஏ சாறு தீர்ந்துவிடும். நல்ல மாதிரியில் இரண்டு மூன்று முறையில் வேலை முடிந்துவிடுகிறது. சேகரிக்கும் இடத்தில் மிச்சம் பிடிக்கும் காசு ஆய்வக மேசையில் பல மடங்காகச் செலவாவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன்.

எச்சம் தரையில் விழுந்ததுமே அதன் டிஎன்ஏ அழியத் தொடங்குகிறது. அதில் இருப்பதில் பெரும்பகுதி பாக்டீரியாவின் டிஎன்ஏ, தின்ற செடியின் அல்லது இரையின் டிஎன்ஏ. விலங்கின் சொந்த டிஎன்ஏ பெரும்பாலும் கொசுறு அளவுதான். அந்தக் கொசுறையும் நொதிகள் வெட்டுகின்றன, பாக்டீரியா தின்கிறது, வெயிலின் புற ஊதாக் கதிர் உடைக்கிறது, மழை கழுவிக்கொண்டு போகிறது. செடி தின்னும் விலங்குகளின் எச்சத்தில் பிசிஆரையே மடக்கிப்போடும் பொருட்களும் இருக்கும். இவற்றில் எல்லாவற்றுக்கும் மேலான எதிரி ஈரம். நெவாடாவின் ஜிப்சம் குகையில் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு தரை ஸ்லாத் என்ற பெரிய விலங்கு போட்ட சாண உருண்டையிலிருந்து 1998-இல் டிஎன்ஏ எடுத்தார்கள். அந்த இனமே இன்று இல்லை. வறண்ட குகையில் அத்தனை காலம் தாங்கிய டிஎன்ஏ, மழைக்காட்டில் இரண்டு நாள் தாங்குவதே பெரும்பாடு.

எனக்கு வரும் பெட்டிகளைத் திறந்தால் என்ன இருக்கும் என்று சொல்கிறேன். குப்பியின் வெளியே மார்க்கர் பேனாவால் எழுதிய எண், எச்சம் கெடாமலிருக்க ஊற்றிய எத்தனால் என்ற ஆல்கஹால் கசிந்ததில் கரைந்து ஊதாக் கறையாகியிருக்கும். எத்தனால் மார்க்கர் மையைக் கரைத்துவிடும். பென்சிலால் எழுதிய துண்டுத்தாளை உள்ளே போட்டிருந்தால் எழுத்து அப்படியே இருந்திருக்கும். இதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்னொரு குப்பியில் கழுத்துவரை எச்சத்தைத் திணித்து மேலே கொஞ்சம் எத்தனால் ஊற்றியிருப்பார்கள். எச்சத்தின் ஈரத்தில் எத்தனால் நீர்த்துப்போய், நடுவிலிருக்கும் பகுதி அழுகியிருக்கும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் போட்ட குப்பியில் மணிகளின் நிறம் எப்போதோ மாறியிருக்கும்: ஈரத்தைக் குடித்துக் களைத்துவிட்டோம், எங்களை மாற்றுங்கள் என்று அர்த்தம். மாற்றுவதற்குக் கையில் வேறு மணிகள் கொடுத்தனுப்பியிருந்தால்தானே மாற்றுவார்கள்? இதற்கெல்லாம் சேகரித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு பை குப்பிகளும் 'நிறைய கொண்டுவாருங்கள்' என்ற ஒரு வரியும்தான்.

முறையாகக் கற்ற ஒருவர் யானைச் சாணத்தை எடுப்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். புதிதாகப் போட்ட உருண்டையின் மேல் மெல்லிய சளிப்படலம் ஒன்று பளபளக்கும். குடல் செல்கள் அதிகமாக இருப்பது அந்தப் படலத்தில்தான். உள்ளே இருப்பதெல்லாம் பெரும்பாலும் நார். அவர் உருண்டையைச் சுற்றி வந்து, வெயில் படாத, மண்ணில் ஒட்டாத பக்கத்தைத் தேடினார். சாணவண்டு குடைந்திருந்த உருண்டையை ஒதுக்கினார். புதுக் கையுறை மாட்டி, புதுக் குச்சியால் அந்தப் படலத்தை மட்டும் மெல்லச் சுரண்டிக் குப்பியில் இட்டார். குச்சியை அடுத்த உருண்டைக்குக் கொண்டுபோகவில்லை. ஒரு யானையின் செல் இன்னொரு யானையின் குப்பிக்குப் போய்விடக் கூடாதே. உருண்டையின் சுற்றளவை அளந்தார், ஏனென்றால் அது யானையின் வயதைப் பற்றித் தோராயமாகச் சொல்லும். நேரம், இடம், நிழலா வெயிலா, முந்தைய இரவு மழை பெய்ததா, எல்லாவற்றையும் எழுதினார். கடைசியில், எதையும் தொடாத ஒரு வெற்றுக் குப்பியையும் அங்கேயே திறந்து மூடிவைத்தார். அந்தக் குப்பியிலும் யானை டிஎன்ஏ வந்தால் எங்கோ கலப்படம் நடந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். இது ஆய்வு இல்லை என்றால் எதுதான் ஆய்வு?

யானைக்குச் செய்வதை மற்றவற்றுக்கு அப்படியே செய்யவும் முடியாது. மான் புழுக்கையை முழுதாக எடுக்கலாம். ஆனால் பல மான்கள் ஒரே இடத்தில் போட்டிருந்தால் இரண்டு விலங்கு ஒரே குப்பியில் கலந்துவிடும். புலி, சிறுத்தை, ஓநாய், நீர்நாய் ஆகியவை எல்லையைச் சொல்லவும் எச்சத்தை விட்டுப்போகின்றன. முழுவதையும் அள்ளிக்கொண்டு வந்தால் அவை தங்களுக்குள் எழுதிவைத்த சேதியை நாம் அழித்தவர்களாவோம். சிறு பகுதியை எடுத்துவிட்டு மிச்சத்தை விட்டுவர வேண்டும். எது யாருடைய எச்சம் என்பதே பல இடங்களில் சிக்கல். பிரிட்டனில் மரமேறும் சிறு ஊனுண்ணியான பைன் மார்ட்டனின் எச்சத்தையும் நரி எச்சத்தையும் அனுபவசாலிகளாலேயே கண்ணால் சரியாகப் பிரிக்க முடியவில்லை என்று டிஎன்ஏ காட்டியது. பனிச்சிறுத்தையினுடையது என்று எடுத்தவற்றில் கணிசமானவை நரியினுடையவையாக இருந்த கதையும் உண்டு.

ஆகவே ஒவ்வொரு திட்டத்தின் தொடக்கத்திலும் சின்ன ஒத்திகை ஒன்றுக்கு நிதி கொடுங்கள். அதே காடு, அதே விலங்கு, அதே பருவம். சில பத்து எச்சங்களை எத்தனாலில் ஒரு பங்கு, சிலிக்காவில் ஒரு பங்கு, உப்புக் கரைசலில் ஒரு பங்கு என்று பிரித்து வைத்து, எதில் டிஎன்ஏ நிற்கிறது என்று பார்த்துவிட்டுப் பெரிய வேலைக்குப் போகலாம். ஒருநாள் எத்தனாலில் வைத்துப் பிறகு சிலிக்காவுக்கு மாற்றும் இரண்டு கட்ட முறை, கொரில்லா, சிம்பன்சி எச்சங்களை இப்படிப் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்ததில் 2004-இல் கிடைத்தது. அது எல்லா விலங்குக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. நிதிக்குழுக்கள் இந்த ஒத்திகையைத் தாமதம் என்று பார்க்கின்றன. அது இல்லாமல் மூன்று ஆண்டு கழித்துப் பாதிக் குப்பியைக் குப்பையில் கொட்டுவதுதான் உண்மையான தாமதம்.

'இப்போது தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டது, மோசமான மாதிரியிலிருந்தும் எடுத்துவிடலாம்' என்று கூட்டங்களில் சொல்லக் கேட்கிறேன். வளர்ந்திருப்பது உண்மை. பாக்டீரியாவின் டிஎன்ஏவை ஒதுக்கி விலங்கினுடையதை மட்டும் அந்த டிஎன்ஏவின் மேல் ஒட்டியிருக்கும் வேதிக்குறியை வைத்துப் பிடிக்கும் முறைகள் வந்துவிட்டன. கோஸ்டாரிகாவின் கபுச்சின் குரங்குகளின் எச்சத்திலிருந்து குடல் செல்களையே தனியாகப் பிரித்து, முழு மரபணுத் தொகுதியையும் படித்து 2021-இல் வெளியிட்டார்கள். ஆனால் கவனியுங்கள்: செல்லைப் பிரிக்க வேண்டுமென்றால் செல் சிதையாமல் இருக்க வேண்டும். புது முறைகளுக்குத்தான் நல்ல மாதிரி இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. அழுகிய குப்பியில் உடைந்துபோனதை எந்தக் கருவியும் ஒட்டிக் கொடுக்காது.

இதில் எனக்கு மிகவும் வலிப்பது ஆட்களின் விஷயம். தடம் பார்த்து, மணம் பிடித்து, எச்சம் நேற்றையதா முந்தாநாளையதா என்று சொல்லத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அந்தந்தக் காட்டை ஒட்டி வாழ்கிறவர்கள். அவர்களுக்கு நாள்கூலி. நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தில் குப்பிக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தார்கள். அப்படிப் பேசினால் என்ன நடக்கும்? புது எச்சமும் பழைய எச்சமும் ஒரே விலைதான். காய்ந்து வெளுத்ததையும் குப்பியில் போடத்தான் செய்வார்கள்; அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை. எண்ணிக்கைக்குக் கூலி தராதீர்கள், மாதச் சம்பளம் கொடுங்கள். பெட்டியைத் திறந்து முடிவு பார்த்ததும், எந்தக் குப்பி வேலை செய்தது, எது செய்யவில்லை என்று அவர்களிடம் திருப்பிச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது அவர்களை ஆய்வகத்துக்கு அழையுங்கள். எங்களையும் காட்டுக்கு அனுப்புங்கள். மாதிரித் திட்டத்தை வகுப்பதில் அவர்களின் அறிவு பங்களித்திருந்தால் கட்டுரையாசிரியர் வரிசையில் அவர்கள் பெயர் வர வேண்டும். கடைசிப் பத்தியில் 'களப்பணியாளர்களுக்கு நன்றி' என்று பெயரில்லாமல் முடிப்பது நியாயமில்லை.

பாதுகாப்பும் இதில் சேர்ந்ததுதான். நரி, ஓநாய் எச்சங்களில் எக்கினோகாக்கஸ் நாடாப்புழுவின் முட்டை இருக்கலாம். மனிதரின் ஈரலைத் தின்னக்கூடிய நோய் அது. ஆய்வகத்துக்கு வந்தவுடன் −80 டிகிரியில் சில நாள் வைத்து முட்டைகளைச் சாகடித்துவிட்டுத்தான் நாங்கள் தொடுகிறோம். வெறும் கையால் முதலில் எடுத்தவருக்கு அந்தக் காப்பு எங்கே? கையுறையும் முகக்கவசமும் நிதிக்கோரிக்கையில் முதல் வரியாக இருக்கட்டும்.

இன்னொரு விஷயத்தையும் பார்த்துச் செய்யுங்கள். ஆய்வு முடிந்ததும் மிச்ச எச்சத்தை உறைபெட்டியில் இடமில்லை என்று கொட்டிவிடாதீர்கள். மத்திய ஆப்பிரிக்காவில் சிம்பன்சி, கொரில்லா எச்சங்களை முதலில் திரட்டியது எச்ஐவிக்கு நெருங்கிய உறவான குரங்கு வைரஸ்களைத் தேடத்தான். மனிதரிடையே உலகெங்கும் பரவிய எச்ஐவி-1 வகை கேமரூன் பகுதிச் சிம்பன்சிகளிடமிருந்து வந்தது என்று 2006-இல் உறுதிப்பட அந்த எச்சங்கள் உதவின. அப்படிச் சேர்த்துவைத்த மாதிரிகளையே வேறு கேள்வியோடு திறந்தபோது, கிட்டத்தட்ட 3,000 எச்சங்களைப் பார்த்த முடிவில், மனிதரை மிக அதிகமாகக் கொல்லும் மலேரியா ஒட்டுண்ணி கொரில்லாவிடமிருந்து வந்தது என்று 2010-இல் தெரியவந்தது. எச்சத்தைப் பொறுக்கிய நாளில் அவர்கள் யாரும் மலேரியாவைத் தேடவில்லை. ஆகவே மிச்சத்தைக் காப்பதற்கும், எந்தக் குப்பி எங்கே எப்போது எடுத்தது என்ற பதிவேட்டைக் காப்பதற்கும் திட்டம் முடிந்தபிறகும் பணம் ஒதுக்குங்கள். பதிவேடு தொலைந்த குப்பி வெறும் காய்ந்த சாணம்தான்.

கடைசியாக, தோல்வியையும் எழுதுங்கள். எடுத்த எச்சம் எத்தனை, அதில் டிஎன்ஏ வந்தது எத்தனை, ஒற்றை வடிவம் மட்டுமே காட்டி ஏமாற்றியது எத்தனை, மழைக்காலத்தில் என்ன ஆனது, எவ்வளவு நாள் பழையதுவரை பயன்பட்டது, எல்லாமே கட்டுரையில் வரட்டும். இவற்றை எழுதாத கட்டுரையில் வரும் விலங்கு எண்ணிக்கையை எவ்வளவு நம்புவது என்று படிக்கிறவருக்குத் தெரியாது. மதிப்பீட்டுக்கு உங்களிடம் வரும் கட்டுரைகளில் இந்த எண்கள் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். நிதிக்குழுவில் இருப்பவர்கள், அடுத்த சுற்று விண்ணப்பப் படிவத்திலேயே 'மாதிரி சேகரிப்பு, பயிற்சி, ஒத்திகை, பாதுகாப்பு' என்று தனிச் செலவுத் தலைப்பு ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். அங்கே பூஜ்யம் என்று எழுதிவரும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள். சேகரிப்பவர்களுக்கான பயிற்சிக் குறிப்பு ஒன்றை எழுதித் தர நானும் என்னோடு வேலை செய்பவர்களும் தயாராக இருக்கிறோம். எந்த ஆய்வகம் கேட்டாலும் தருகிறோம்.

நம்பிக்கையுடன்,
எச்சக் குப்பிகளைத் திறக்கும் ஓர் ஆய்வகப் பணியாளர்